ஜவ்வு ஆபரேஷன் முடிந்து 13 வாரம்: சைக்கிளில் ஏறிவிட்டேன், இடது கால் மட்டும் இன்னும் ஏறவில்லை

பேரூர்_ஓட்டக்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 39, கோவை. எட்டு வருடமாக ஓடுகிறேன். முழு மாரத்தான் 4 மணி 6 நிமிடம், அரை மாரத்தான் 1:51. பெரிய ஆள் எல்லாம் இல்லை, ஆனால் வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓடவில்லை என்றால் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன், அந்த ரகம். மார்ச்சில் அபார்ட்மெண்டில் பையனோடு ஷட்டில் ஆடப்போய், தலைக்கு மேல் போன கார்க்கை எடுக்கத் திரும்பினேன், இடது முட்டிக்குள் டப் என்று ஒரு சத்தம். எட்டு வருடம் ரோட்டில் ஓடி வராதது எட்டு நிமிட ஷட்டிலில் வந்துவிட்டது. ஸ்கேனில் ஏ.சி.எல். என்கிற முட்டியின் உள் ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது, மெனிஸ்கஸ் (முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு) தப்பித்தது. ஏப்ரல் கடைசியில் ஆபரேஷன், தொடைக்குப் பின்னாலிருந்து நாண் எடுத்துப் புது ஜவ்வு வைத்தார்கள்.

முதல் ஆறு வாரம் பிசியோவுக்கு ஒழுங்காகப் போனேன். அப்புறம் ஆபீஸ், பணம், சோம்பல் எல்லாம் சேர்ந்து விட்டுவிட்டேன் (தெரியும், திட்டிக்கொள்ளுங்கள்). டாக்டர் "சைக்கிள் ஓட்டலாம்" என்று சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கைமாற்றில் ஒரு டிரெய்னர் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கிற ஸ்டாண்ட்) வாங்கி, என் பழைய ரோடு சைக்கிளை அதில் மாட்டி, ஐந்து வாரமாகத் தினமும் ஒரு மணி நேரம் மிதிக்கிறேன். போன ஞாயிறு தைரியம் வந்து சிறுவாணி ரோட்டில் 42 கிலோமீட்டர் போய் வந்தேன். ஓட்டும்போது ஒரு வலியும் இல்லை, திரும்பி வரும்போது பாட்டுக்கூடப் பாடினேன். மறுநாள் காலையில் பார்த்தால் முட்டி நீர் கோத்துப் பன் மாதிரி இருந்தது.

என் குழப்பம் மூன்று. ஒன்று, ஓடும்போது சும்மா 150ல் நிற்கிற ஹார்ட் ரேட், சைக்கிளில் நாக்குத் தள்ள மிதித்தாலும் 130ஐத் தாண்டவில்லை, இதில் எனக்கு ஸ்டாமினா வருகிறதா இல்லையா? இரண்டாவது, இடது தொடை சூம்பிப் போயிருக்கிறது. முட்டிச் சில்லுக்கு 10 செ.மீ. மேலே டேப் வைத்து அளந்தால் வலது 51, இடது 47.5. ஒரு மாதம் முன்னால் 47. தினமும் மிதித்து வெறும் அரை சென்டிமீட்டரா? மூன்றாவதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். டிசம்பர் கோயம்புத்தூர் மாரத்தானில் அரை மாரத்தானாவது ஓட முடியுமா?

சைக்கிள்_மணி:

தம்பி, 2019ல் எனக்கும் இதே ஜவ்வு, இதே இடது கால், இதே முட்டாள்தனம். அதனால் உரிமையோடு சொல்கிறேன். நீங்கள் ஓட்டுகிற சைக்கிளை உங்கள் வலது கால்தான் ஓட்டுகிறது, இடது கால் பின்சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றிப் பார்க்கிறது. இரண்டு பெடலும் ஒரே கிராங்கில் (பெடலைச் சுற்றுகிற இரும்புக் கை) மாட்டியிருப்பதால் ஒரு கால் தள்ளினால் இன்னொன்று தானாகச் சுற்றும். நமக்கு இரண்டு காலும் வேலை செய்கிற மாதிரியே இருக்கும். ஓடும்போது இந்த ஏமாற்று வேலை நடக்காது, இடது காலுக்கு முறை வந்தால் உடம்பு மொத்தத்தையும் அதுதான் தாங்கியாக வேண்டும், நொண்டினால் பக்கத்தில் ஓடுகிறவனுக்கே தெரியும். சைக்கிளில் நொண்டினால் யாருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

என் கதை: ஐந்தாவது மாதத்தில் 90 கிலோமீட்டர் ரைடு போய்க்கொண்டிருந்தேன். மூச்சு நன்றாகத் திரும்பிவிட்டது. சரி, ஒருநாள் ஓடிப் பார்ப்போம் என்று ரேஸ் கோர்ஸில் இறங்கினேன். இரண்டு கிலோமீட்டர் என்று நினைத்துப் போனவன் ஆறு ஓடிவிட்டேன். நுரையீரல் "போ போ" என்கிறது, எப்படி நிறுத்துவது? அன்று சாயங்காலம் முட்டி வீங்கியது, மூன்று வாரம் நடப்பதே சிரமமாகப் போய்விட்டது. சைக்கிள் ஓட்டாமல் இருந்திருந்தால் ஒரு கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கி நின்றிருப்பேன், முட்டியும் பிழைத்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். எடை பார்க்கிற மெஷின் இரண்டு வேண்டும், பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலையும் ஒரு மெஷினில் வைத்து, கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்திருங்கள். பாதி எழுந்த நிலையில் இரண்டும் என்ன காட்டுகிறது என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு முதல் தடவை பார்த்தபோது அவமானமாக இருந்தது.

இன்னொன்று, டிரெய்னரில் வலது காலைக் கழற்றி ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு, இடது காலால் மட்டும் ஒரு நிமிடம் மிதியுங்கள். கீழிருந்து மேலே வரும் இடத்தில் செயின் தடக் தடக் என்று அடிக்கும். அந்தச் சத்தம் போகும்வரை தினமும் செய்யுங்கள்.

பிசியோ_திருப்பூர்:

மணி அண்ணா சொன்ன எடை மெஷின் சோதனை அருமை, நானே என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வதுண்டு. ஆனால் ஒற்றைக்கால் மிதியை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். ஷூவை பெடலில் பூட்டிக்கொண்டு ஒரே காலால் சுற்றும்போது, மேலே வருகிற பாதியில் காலை இழுத்துத் தூக்குவது தொடையின் பின்பக்கத் தசை. அவருக்கு நாண் எடுத்ததே அங்கிருந்துதான். அது இன்னும் தழும்பும் சதையுமாக ஆறிக்கொண்டிருக்கிறது, திடீரென்று சுளுக்கிக்கொள்ளும். அந்தத் தசைக்குத் தனியாகப் படிப்படியான பயிற்சி இருக்கிறது, அதை நேரில் கற்றுக்கொண்ட பிறகு இந்த விளையாட்டு. அண்ணாவுக்கு எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரியவில்லை, முட்டிக்கு முன்பக்க நாணாக இருந்தால் கணக்கே வேறு.

உங்கள் முட்டியை நான் பார்க்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

உட்கார்ந்தபடி சமதரையில் மிதிப்பதால் இந்த ஜவ்வின் மேல் வருகிற இழுப்பு ரொம்பக் குறைவு, அதனால்தான் டாக்டர்கள் தைரியமாகச் சைக்கிள் ஓட்டச் சொல்கிறார்கள். அது சரிதான். புது ஜவ்வு என்று நாம் சொல்வது வைத்த அன்று வெறும் நாண்தான். உடம்பு அதற்குள் ரத்தக்குழாய் விட்டு, பழையதைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஜவ்வாக மாற்றுகிறது, அதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அது மிகவும் பலவீனமாக இருப்பது ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் வரை. வலி குறைந்து, நடை சரியாகி, "இப்போது நல்லா இருக்கு" என்று ஆட்கள் துள்ளுகிற காலமும் அதேதான். நீங்கள் அதை இப்போதுதான் தாண்டியிருக்கிறீர்கள். சைக்கிளில் ஜவ்வுக்கு ஆபத்து மிதிப்பதில் இல்லை, தடுமாறிக் கால் ஊன்றும்போது முட்டி திருகிக்கொள்வதில்தான்.

தொடை ஏன் தேறவில்லை என்று கேட்டீர்கள். முட்டிக்குள் நீர் இருக்கும்வரை முன்தொடைத் தசைக்கு நரம்பு முழுசாகக் கட்டளை அனுப்பாது. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்துத் தசையை அணைத்துவைக்கிறது. வீக்கத்தோடு எத்தனை மணி நேரம் மிதித்தாலும் அந்தத் தசை பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அப்புறம், நிமிடத்துக்கு 80, 90 சுற்று என்று லேசாக மிதிப்பதில் தசை பெருகாது. தசை பெருக்க வேண்டுமானால் எட்டு, பத்து முறைக்கு மேல் செய்ய முடியாத அளவுக்குக் கனம் வேண்டும். ஒற்றைக்காலில் லெக் பிரஸ் (ஜிம்மில் காலால் கனத்தைத் தள்ளுகிற கருவி), ஒரே ஒரு படியில் ஏறி இறங்குவது, நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலில் எழுவது. வாரத்தில் மூன்று நாள் இது, நடுவில் சைக்கிள். நீங்கள் செய்வது தலைகீழ்.

யாரும் சொல்லாத இன்னொன்று. சைக்கிளில் முட்டி ஒருபோதும் முழுசாக நீளாது. பெடல் அடியில் இருக்கும்போதும் 25 முதல் 35 டிகிரி மடங்கித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். பகலில் ஆபீஸ் நாற்காலி, காலையில் சைக்கிள், ராத்திரி முட்டிக்கடியில் தலையணை. இப்படியே போனால் கால் நீட்டும் பழக்கத்தையே மறந்துவிடும். கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே இருப்பது மட்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கட்டும். இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? தோராயமாக ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் ஒரு டிகிரி. அளந்து சொல்லுங்கள். இது சரியாகாமல் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதே வீண்.

கியர்_பெட்டி:

நான் டாக்டரும் இல்லை பிசியோவும் இல்லை, சைக்கிள் பைத்தியம் மட்டும். சைக்கிள் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் சந்தேகம், சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறீர்களா? ஆபரேஷன் முடிந்தவர்கள் எல்லோரும் பயத்தில் செய்வது இதுதான், கால் சீக்கிரம் தரைக்கு எட்டட்டும் என்று. சீட் தாழ்ந்தால் பெடல் மேலே வரும்போது முட்டி அதிகமாக மடங்கும், சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாகச் சுற்றுங்கள், அடியில் கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது மடக்கு சரியாக வரும். ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள், 5 மில்லிமீட்டராக ஏற்றுங்கள். இடுப்பு இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்தால் அதிகமாகிவிட்டது. முட்டி மேலே மடங்கும்போது இன்னும் பிடித்தால், 170 மி.மீ. கிராங்கை எடுத்துவிட்டு 160, 165 போட்டுப் பார்க்கலாம். கிராங்க் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சீட்டை ஏற்ற மறக்காதீர்கள்.

இரண்டாவது, போன ஞாயிறு போனீர்களே, அது ஆடிக் காற்று! பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து தள்ளுகிற காற்றில் சிறுவாணி ரோட்டில் மேற்கே போயிருக்கிறீர்கள். 42 கிலோமீட்டர் என்பது வெறும் எண். போகும்போது மிதித்த 21 கிலோமீட்டர் மலை ஏறினதற்குச் சமம், வரும்போது காற்றுதான் உங்களைக் கூட்டிவந்தது, அதனால்தான் பாட்டு வந்தது. புரட்டாசி வரைக்கும் ரோட்டு ரைடு வேண்டுமானால் விடியற்காலையில், சின்ன கியரில், கிலோமீட்டரைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். 40 நிமிடம் போதும்.

மூன்றாவது, இது முக்கியம். நாம் எல்லோரும் நிற்கும்போது இடது காலைத்தான் ஊன்றுவோம், ரோட்டின் ஓரம் அந்தப் பக்கம் என்பதால். உங்களுக்கு ஆபரேஷன் ஆனதும் இடது கால். பேரூர் தாண்டினால் காலை ஐந்தரைக்கு நாய்கள் எப்படித் துரத்தும் என்று உங்களுக்கே தெரியும். பதறி பிரேக் அடித்தால் எந்தக் கால் போய் விழும்? வலது காலை ஊன்றுகிற பழக்கத்தை முதலில் காலி மைதானத்தில் ஐம்பது தடவை செய்து பழகுங்கள். பூட்டுகிற ஷூவைக் கழற்றி எறியுங்கள், சாதாரண பெடல் போதும். குதிகாலை வெளியே திருகிக் கழற்றுகிற அந்த அசைவே உங்கள் முட்டிக்கு இப்போது ஆகாது.

ஹார்ட் ரேட் பற்றி: ஓட்டத்தைவிடச் சைக்கிளில் 5, 10 துடிப்பு குறைவாக இருப்பது பொதுவாக எல்லோருக்கும் உண்டு, உட்கார்ந்திருக்கிறோம், எடையைச் சீட் தாங்குகிறது. உங்களுக்கு வித்தியாசம் 20 இருப்பதற்குக் காரணம், இதயம் களைப்பதற்கு முன்னால் தொடை களைத்துவிடுகிறது. ஓட்டத்தின் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். முழு வாக்கியம் பேச முடிகிற வேகமா, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குகிற வேகமா, அதுவே போதுமான கருவி.

கடைசியாக, பவர் மீட்டர் (மிதிக்கிற பலத்தை வாட் கணக்கில் காட்டுகிற கருவி) வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு துணுக்கு. விலை குறைந்தவை பலவும் இடது கிராங்கில் மட்டும் அளந்து அதை இரண்டால் பெருக்கிக் காட்டும். சூம்பின கால் இடதாக இருந்தால் நீங்கள் மொத்தமாகவே சோப்ளாங்கி என்று காட்டும், மனதை விட்டுவிடாதீர்கள். நல்ல டிரெய்னர் மொத்தத்தையும் அளக்கும். டிரெய்னர் 140 வாட், கிராங்க் 120 வாட் என்றால், இடது 60, வலது 80 என்று ஏறக்குறைய கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காலை_நாலரை:

எனக்கு வயது 61. இந்தச் சைக்கிள், டிரெய்னர், பவர் மீட்டர் எல்லாம் எதற்கு என்று கேட்கிறேன். ஓட்டக்காரனுக்கு மருந்து நடை. தினம் ஒரு மணி நேரம் வேகமாக நட, மருதமலைப் படி ஏறு, கால் தானாக வரும். சைக்கிள் ஓட்டினால் சைக்கிள்காரன் ஆவாய்.

டூர்_ரசிகன்:

ஐயா, சைக்கிள்காரன் ஆவதில் என்ன தப்பு 🙂 கனடாவின் மைக்கேல் வுட்ஸ் தெரியுமா? ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடின ஓட்டக்காரர். பாத எலும்பில் திரும்பத் திரும்ப விரிசல் விட்டு ஓட்டமே போனது. காலைத் தேற்ற சைக்கிளில் ஏறினவர் அங்கேயே தங்கிவிட்டார். 2018ல் இன்ஸ்ப்ரூக்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம், 2023ல் டூர் டி பிரான்சில் புய் டி டோம் எரிமலை உச்சியில் முதலில் போய் நின்றார். நடுவில் 2020 மார்ச்சில் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் விழுந்து தொடை எலும்பு உடைந்தது. அதே வருடம் அக்டோபரில் ஸ்பெயினின் பல நாள் பந்தயமான வுவெல்டாவில் ஒரு நாள் கட்டத்தை ஜெயித்தார்.

ஆனால் அதை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. கிறிஸ் ஃப்ரூம் 2019 ஜூனில் பிரான்சின் டாஃபினே பந்தயத்தின்போது, நேரப் பந்தயத்துக்குப் பாதை பார்க்கப் போன இடத்தில் மதிலில் மோதி, தொடை எலும்பும் முழங்கையும் விலாவும் உடைந்தது. நான்கு முறை டூர் ஜெயித்தவர். எட்டு மாதத்தில், 2020 பிப்ரவரியில், அமீரகப் பந்தயத்தில் திரும்ப வந்து நின்றார். வந்தார், ஆனால் பழைய ஃப்ரூம் வரவில்லை. ஒரு காலின் பலம் இன்னொன்றுக்கு ஈடாக வரவில்லை என்று அவரே பேசியிருக்கிறார். மணி அண்ணா சொன்ன அதே நோய். காலை முதல் ராத்திரி வரை கால் தேற்றுவதையே வேலையாக வைத்திருந்த ஆளுக்கே அப்படி, ஆபீஸ் முடிந்து வந்து மிதிக்கிற நமக்கு?

பேரூர்_ஓட்டக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு மாமியிடம் எடை மெஷின் கேட்டதற்கு "இன்னும் எவ்வளவு இளைக்கணும்" என்றார்கள்.

முடிவு: என் எடை 72. பாதி எழுந்த நிலையில் வலது 42, இடது 30. மனைவி மூன்று தடவை செய்யச் சொல்லிப் பார்த்தாள், மூன்று தடவையும் கிட்டத்தட்ட அதேதான். "கண்ணாடி முன்னாடி செய்யுங்க, இடுப்பு வலது பக்கம் நழுவுறது எனக்கே தெரியுது" என்றாள். எனக்கு நேராக எழுகிற மாதிரியேதான் இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது.

குதிகால்: இடது 3 செ.மீ. மேலே நிற்கிறது. ஆறாவது வாரத்தில் பிசியோ "முழுசாக நீளுது" என்று சொல்லித்தான் அனுப்பினார், அப்புறம் நானே மடக்கிக்கொண்டுவிட்டேன் போல.

சீட்: கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆபரேஷனுக்கு முன் போட்டிருந்த டேப் அடையாளத்திலிருந்து 2.5 செ.மீ. கீழே.

சந்தேகம் ஒன்று. வீக்கம் முழுசாகப் போகும்வரை மிதிக்கவே கூடாதா? சைக்கிளையும் நிறுத்தினால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. முதல் ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், மறுபடி அங்கே போக முடியாது.

பிசியோ_திருப்பூர்:

நிறுத்த வேண்டாம். சைக்கிளை விடாமல் வைத்திருப்பதற்கு நீங்கள் கடைசியாகச் சொன்ன காரணம் ஒன்றே போதும். 20 நிமிடம், ரொம்ப லேசாக. தினமும் காலையில் எழுந்தவுடன் முட்டிச் சில்லின் நடுவில் டேப் வைத்து அளந்து காலண்டரில் எழுதுங்கள். நேற்று செய்தது அதிகமா இல்லையா என்பதை இன்று காலை முட்டி சொல்லும், ஓட்டும்போது கேட்டால் அது சொல்லாது. அளவு கூடியிருந்தால் அடுத்த நாள் பாதி. இரண்டு நாள் ஒரே அளவு நின்றால் 5 நிமிடம் கூட்டுங்கள். குதிகாலுக்கு: ஒரு நாளைக்கு நான்கு ஐந்து தடவை குதிகாலை மட்டும் ஒரு தலையணையில் வைத்து, முட்டியைக் காற்றில் விட்டு, 5 நிமிடம். டீ குடிக்கும்போது செய்யலாம். முட்டிக்கடியில் தலையணை வைத்துத் தூங்குவதை இன்றோடு விடுங்கள்.

அப்புறம் தயவுசெய்து நேரில் ஒரு பிசியோவிடம் போங்கள், வாரம் ஒரு தடவையாவது. இங்கே எழுதி எழுதி நான் உங்கள் முட்டியைத் தொட்டுப் பார்க்க முடியாது.

ஐயா சொன்ன மருதமலைப் படி, ஏறுவது சரி. இறங்குவது இப்போதைக்கு வேண்டாம், பஸ்ஸில் இறங்கட்டும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முன்தொடை முட்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும்.

மஞ்சள்_ஊர்க்காரி:

நான் ஈரோடு. எனக்கு ஜவ்வு இல்லை, எலும்பு. ஸ்கூட்டியில் போகும்போது எதிரே வந்தவர் இடித்து வலது முழங்கால் கீழ் எலும்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன், ஏனென்றால் ஜவ்வுக்காரர்களுக்குச் சொல்வது எல்லாம் கம்பிக்காரர்களுக்குப் பொருந்தாது.

நானும் சைக்கிளில்தான் திரும்ப ஆரம்பித்தேன். நான்கு மாதம் சைக்கிள் மட்டும் ஓட்டினேன், நடையைக் குறைத்துவிட்டேன், சைக்கிளில் வலிக்கவில்லை, நடந்தால் வலித்தது, அவ்வளவுதான் காரணம். எலும்பு ஒட்டுவது மெதுவாக இருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்த டாக்டர் "எவ்வளவு நடக்கிறீர்கள்" என்று கேட்டார். அப்போதுதான் விளக்கினார், எலும்புக்குத் தன் மேல் எடை இறங்கினால்தான் கெட்டிப்பட வேண்டும் என்று தோன்றுமாம், சைக்கிளிலும் நீச்சலிலும் அந்த எடை இறங்காது. வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவதும் உண்டு என்றார். அன்றிலிருந்து காலையில் காவிரிக் கரையில் அரை மணி நடை, சாயங்காலம் சைக்கிள். எலும்பு ஒட்டியபின் ஒரே இடத்தில் நின்று குதிக்கிற பயிற்சி, முதல் நாள் பத்துக் குதி, அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு. ஜவ்வு அண்ணாவுக்கும் ஓட்டத்துக்கு முன்னால் இது வரும் என்று நினைக்கிறேன், பிசியோ அக்கா சொல்லட்டும். நான்கு மாதம் தரையை மோதாத எலும்பும் குதிகால் நாணும் முதல் நாளே பத்து கிலோமீட்டருக்கு எப்படித் தாங்கும்?

இப்போது 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். மண்டி போட்டால் மட்டும் முட்டிக்கு முன்னால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். கம்பி வைத்தவர்களில் நிறையப் பேருக்கு இது உண்டாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வீடு துடைப்பது கணவர் வேலையாகிவிட்டது, அதற்காகவே கம்பியை எடுக்காமல் வைத்திருக்கிறேன்.

பிசியோ_திருப்பூர்:

தங்கை சொன்னது முழுக்கச் சரி, ஜவ்வுக்காரருக்கும் அது வரும்.

டிசம்பர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, கெட்டபெயர் நான் வாங்கிக்கொள்கிறேன். தேதியை வைத்து ஓட்டம் ஆரம்பிக்காதீர்கள். வீக்கம் இல்லை, கால் முழுசாக நீளுகிறது, இடது முன்தொடையின் பலம் வலதில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது (டேப் அளவு இல்லை, லெக் பிரஸ்ஸிலோ கருவியிலோ அளந்த பலம்), ஒற்றைக்காலில் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை தடுமாறாமல் எழ முடிகிறது, அரை மணி நேர வேக நடைக்கு மறுநாள் முட்டி ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவும் இருந்தால் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பிக்கலாம். நேராக ஓடுவது சிலருக்கு நான்காவது மாதத்தில் வரும், சிலருக்கு ஆறில். ஷட்டில் பக்கம் ஒன்பது மாதத்துக்கு முன் தலைவைத்துப் படுக்காதீர்கள், அப்போதும் இரண்டு காலும் 90 சதவீதம் ஈடாக இருந்தால்தான்.

இன்றைய நிலையில் டிசம்பரில் அரை மாரத்தான் வேண்டாம் என்பேன். 10 கிலோமீட்டர், ஓட்டமும் நடையுமாக, அக்டோபரில் உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு.

காலை_நாலரை:

படி இறங்குவது பற்றி அந்தப் பெண் சொன்னது எனக்கும் பொருந்தும் போலிருக்கிறது. இரண்டு வருடமாக இறங்கும்போதுதான் முட்டி வலிக்கிறது, வயசு என்று விட்டிருந்தேன். நாளை முதல் பஸ்.

பேரூர்_ஓட்டக்காரன்:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

காற்று விட்டுவிட்டது. குதிகால் வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது, அதற்கே ஐந்து வாரம் பிடித்தது, டீ நிறையக் குடித்துவிட்டேன். சீட் பழைய அடையாளத்தில். எடை மெஷின் 37.5, 34.5. வாரம் மூன்று நாள் ஜிம்மில் ஒற்றைக்கால் லெக் பிரஸ். முதல் வாரம் இடது கால் போட்ட கனத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் "அங்கிள் வார்ம் அப்பா?" என்று கேட்டான், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தொடை 49. சைக்கிள் வாரத்துக்கு நான்கு நாள், ஞாயிறு மட்டும் ஒன்றரை மணி நேரம். ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது, இடது கால் தேறத் தேற சைக்கிளில் ஹார்ட் ரேட் தானாக 140ஐத் தொடுகிறது. அப்போ இத்தனை நாள் இதயத்துக்கு வேலை கொடுக்கவே எனக்குக் கால் இல்லை.

ஆலாந்துறை தாண்டி ஒரு நாய் நிஜமாகவே துரத்தியது. வலது காலைத்தான் ஊன்றினேன். கியர்_பெட்டி அண்ணா, உங்களை அந்த நேரத்தில் நினைத்தேன்.

புது பிசியோ நேற்று எல்லாம் அளந்து பார்த்தார், இடது பலம் 78 சதவீதம். பத்துத் தடவை எழச் சொன்னார், எட்டாவதில் கொஞ்சம் ஆடியது, மறுபடி செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நாளை காலை ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது என்று கையெழுத்து வாங்காத குறைதான்.

மணி அண்ணா, 5:45க்கு ரேஸ் கோர்ஸ் வர முடியுமா? ஓடத் துணை வேண்டாம், எட்டாவது முறை முடிந்ததும் என்னைப் பிடித்து நிறுத்த ஒரு ஆள் வேண்டும்.

சைக்கிள்_மணி:

வருகிறேன். ஸ்டாப்வாட்ச் என் கையில்தான் இருக்கும்.